கடல் நடுவே ஒரு கைப்பந்துக் குழு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் சிலம்பின் சிறப்பையோ குறளின் நுட்பத்தையோ எடுத்துப் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் நம்மிடம் தலைப்புக் கேட்டபோது, ‘ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் கைப்பந்துக் குழுவின் வரலாறு’ என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அத்தாளை இருமுறை படித்தார். “தாள் மாறிவிட்டதோ?” என்று மிக்க பணிவுடன் வினவினார். மாறவில்லை. இத்தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் நம் காலனி மைதானத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, இரண்டு இரும்புக் கம்பங்களாக நின்றுகொண்டிருக்கிறது. அக்கம்பங்களிடம் வந்து சேருமுன் சிறிது தொலைவு சுற்றிவர வேண்டும். அருள்கூர்ந்து பொறுத்தருளுங்கள்.

கைப்பந்து, அதாவது நம் பிள்ளைகள் வாலிபால் என்று சொல்லும் ஆட்டம், மிகப் பழையதன்று. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன் என்பார் இதனைப் படைத்தார். கூடைப்பந்தாட்டத்தின் முட்டலும் மோதலும் வேண்டாம் என்று எண்ணிய நடுவயது அலுவலர்களுக்காக அவர் வகுத்த சாதுவான ஆட்டம் இது. அந்தச் சாதுத்தன்மை நெடுநாள் நிலைக்கவில்லை. பிலிப்பைன்ஸ் தீவினர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பந்தை உயர எழுப்பி ஓங்கி அடிக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டனர். ஒய்.எம்.சி.ஏ. சென்ற இடமெல்லாம் வலையும் பந்தும் சென்றன. நம் சென்னையில் ஹாரி பக் என்பார் 1920-இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியும் அந்த இயக்கத்தைச் சேர்ந்ததே.

இனி ஹவாய்க்குச் செல்வோம். பசிபிக் மாகடலின் நடுவே, அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,400 மைல் தள்ளிக் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அத்தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தபோது வேலைக்கு ஆள் போதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிச் சீனரும், போர்ச்சுகீசியரும், ஜப்பானியரும், பின்னர் கொரியரும் பிலிப்பினோக்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். கரும்புத் தோட்டம் என்றவுடன் பிஜியும் மொரீஷியசும் நேட்டாலும் நம் நினைவுக்கு வரும். வந்தவுடன் நெஞ்சும் கனக்கும். ஹவாயில் நம்மவர் அவ்வாறு குடியேறவில்லை. ஆயினும் ஊர்விட்டு ஊர்வந்து, வரிசை வரிசையான குடியிருப்புகளில் தங்கி, தாய்மொழியை வீட்டிலும் வேற்றுமொழியை வெளியிலும் பேசி வாழ்ந்த மக்கள் என்றால் அவர்கள் நிலை நமக்குப் புரியாததன்று.

அத்தகைய ஜப்பானியக் குடும்பம் ஒன்றில், மாவி என்னும் தீவில், 1927-இல் பிறந்தவர் பாட்சி டகேமோட்டோ. தாத்தா பாட்டியர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் நில அளவைப் பொறியாளர். மருத்துவராக வேண்டும் என்பது இப்பெண்ணின் சிறுவயது ஆசை. கல்விக்காகத் தீவைவிட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். அங்கே நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில், வெள்ளையர் அல்லாத மாணவர்களைத் தனி விடுதியில் வைத்திருப்பதைக் கண்டார். அதனை எதிர்த்து மாணவர்களையும் பெற்றோரையும் ஒன்றுதிரட்டி, அவ்வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். நோய்வாய்ப்பட்டதால் ஊர் திரும்பி, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1948-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பன்னிரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினார். பன்னிரண்டும் இடமில்லை என்றன. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் அக்காலத்து மருத்துவக் கல்லூரிகளுக்குப் பெரிதாக இருந்ததில்லை.

எனவே சிகாகோவில் சட்டம் பயின்றார். மணமாகித் திருமதி பாட்சி மிங்க் ஆனார். சட்டம் முடித்துவந்தால், மணமானவர், கைக்குழந்தைக்காரி என்று சொல்லி வழக்கறிஞர் நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. அவரே ஹொனலூலுவில் தனியாகத் தொழில் தொடங்கினார். 1964-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972 ஜூன் 23-ஆம் நாள் சட்டமான கல்வித் திருத்தங்களில் ஒன்பதாம் பிரிவு அவரும் வேறு சிலரும் பாடுபட்டுக் கொணர்ந்தது. ஆங்கிலத்தில் முப்பத்தேழே சொற்கள். அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும், பெண் அல்லது ஆண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறப்பதற்காக எழுதிய சட்டம், மைதானத்தின் கதவையும் திறந்துவிட்டது.

திறந்த கதவை மூட முயன்றவர்களும் இருந்தனர். 1975-இல் அப்பிரிவைத் தளர்த்தும் திருத்தம் ஒன்று கீழ்ச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதனை எதிர்த்து முன்நின்றவர் மிங்க் அம்மையாரே. வாக்கெடுப்பு நடக்கும் வேளையில், தம் மகள் நியூயார்க் மாநிலத்தில் மோட்டார் விபத்தில் சிக்கிய செய்தி வந்தது. அவர் அவையைவிட்டு ஓடினார். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் திருத்தம் நிறைவேறிற்று! அவர் அங்கிருந்திருந்தால் நிறைவேறியிராது. மறுநாள் சபைத் தலைவர் காரணத்தை எடுத்துச் சொல்ல, மீண்டும் வாக்கெடுத்தனர்; 215-க்கு 178 என்று சட்டம் காப்பாற்றப்பட்டது. மகளும் பிழைத்தார். அம்மையார் 2002-இல் மறைந்தபின் அச்சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கைப்பந்தைப் பற்றிப் பேச வந்து சட்டசபைக்குப் போய்விட்டோம் என்று எண்ணாதீர்கள். அந்தக் குழு அந்தச் சட்டத்தின் குழந்தை.

சட்டம் வந்த 1972-ஆம் ஆண்டிலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகம் பெண்கள் விளையாட்டுக்கென ஓர் இயக்குநரை அமர்த்திற்று. அவர் டோனிஸ் தாம்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி. சிகாகோவில் பிறந்து, ஓட்டப் பயிற்சியாளராக 1961-இல் தீவுக்கு வந்தவர். அவர் கையில் தரப்பட்ட தொகை ஐயாயிரம் டாலர். எதைக்கொண்டு தொடங்குவது? தடகளமும் கைப்பந்துமாகத் தொடங்கினார். கைப்பந்தைத் தேர்ந்தது அறிவுடைமை என்றே நமக்குத் தோன்றுகிறது. தீவில் கடற்கரைதோறும் வலை கட்டி ஆடும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆளைத் தேடிக் கடல்தாண்டிப் போக வேண்டியதில்லை; அண்டை வீட்டில் கேட்டால் போதும். குழுவுக்கு வைத்த பெயரிலும் தீவின் மணம் இருந்தது. ‘வஹினே’ என்றால் ஹவாய் மொழியில் பெண். வானவில்லையும் சேர்த்து ‘ரெயின்போ வஹினே’ என்று வழங்கலாயிற்று.

இக்குழு 1974-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் இறுதி ஆட்டத்துக்கே சென்றுவிட்டது! அங்கே கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. 1975-இல் டேவ் ஷோஜி என்னும் ஜப்பானிய வழியினர் பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டும் இறுதியாட்டம், அவ்வாண்டும் அதே குழுவிடம் தோல்வி. 1977-இல் மீண்டும் இறுதியாட்டம். இம்முறை தென் கலிபோர்னியாவிடம் தோல்வி. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வாயிற்படியில் நின்று திரும்பினால் எவருக்கும் மனம் சோரும். வெளியூர் ஆட்டம் என்றால் மிக அருகிலுள்ள கலிபோர்னியாவுக்கே விமானத்தில் ஐந்து மணி நேரம் கடல்மேல் பறக்க வேண்டும். மற்றக் கல்லூரிகள் பேருந்தில் ஏறி இரண்டு மணியில் போய்ச் சேரும் ஆட்டத்துக்கு, இப்பெண்கள் பாடநூல்களையும் சுமந்துகொண்டு பொழுதும் உறக்கமும் மாறிப் போய் நின்றார்கள். சொந்த ஊருக்குப் போய்வர இரண்டு இரவு இரயிலில் கழிக்கும் நமக்கு அந்த அலுப்பு விளங்கும்.

1979-இல் கதவு திறந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தை இறுதியில் வென்று முதன்முறை நாட்டின் பட்டம் பெற்றனர்.

ஆயினும் நம் உள்ளத்தில் நிற்பது 1982-ஆம் ஆண்டு இறுதியாட்டம். அதைச் சற்று விரித்துரைக்க ஆசை. அந்நாளைய முறைப்படி, சர்வீஸ் போடும் பக்கத்துக்கே புள்ளி கிடைக்கும். எதிர்ப்பக்கத்து சர்வீஸை முறித்தால் சர்வீஸ் நம் கைக்கு வருமேயொழியப் புள்ளி வராது. பதினைந்து புள்ளி எடுத்தால் ஒரு செட். ஐந்தில் மூன்று செட் வெல்ல வேண்டும். இப்போதோ எவர் சர்வீஸ் போட்டாலும் பந்து வீழ்ந்தால் புள்ளி, செட்டுக்கு இருபத்தைந்து, ஐந்தாவது செட்டுக்கு மட்டும் பதினைந்து. பழைய முறையில் ஒரு புள்ளிக்காகச் சர்வீஸ் இப்பக்கமும் அப்பக்கமுமாகப் பத்துமுறை மாறலாம். பலகையில் எண் அசையாது. ஆடுவோர் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருக்கும். அத்தகைய ஆட்டத்தில் பின்தங்கியவர் எழுவது மிகக் கடினம். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், முன்னாண்டு பட்டம் வென்ற தென் கலிபோர்னியாவை எதிர்த்து, ஹவாய்ப் பெண்கள் முதலிரண்டு செட்டையும் இழந்தனர். இன்னும் ஒன்று போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாவதை எடுத்தனர். நான்காவதை எடுத்தனர். ஐந்தாவதையும் எடுத்தனர்! வலையருகே நின்று எதிரியின் அடியைத் தடுத்து வீழ்த்திய டீட்ரா காலின்ஸ் என்னும் மங்கை, அவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகள் அனைவரினும் சிறந்தவர் என்ற விருதைப் பெற்றார். கைப்பந்தில் மட்டுமன்று, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து. 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

1983-இல் முன்னர் இருமுறை தங்களைத் தோற்கடித்த லாஸ் ஏஞ்சலிஸ் குழுவையே ஒரு செட்டும் கொடாமல் வென்றனர். 1987-இல் ஸ்டான்போர்டை வென்றனர். மொத்தம் நான்கு பட்டங்கள்.

இவ்வாட்டங்கள் நடந்த உள்ளூர் அரங்கின் பெயர் கிளம் ஜிம்னேசியம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்குத்தான் இடம், குளிர்சாதனம் கிடையாது. வெப்பமண்டலத்து மாலை, அடைத்த கட்டடம், நெருங்கிய கூட்டம். எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் சமுதாயக் கூடத்தில் மே மாதத்துத் திருமணம் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே வந்து அமர்ந்தவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். பாட்டிமார் வந்தனர், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டக்காரப் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்தனர். ‘நம் வீட்டுப் பெண்’ என்ற உரிமை அது. 1994-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் புதிய அரங்கு எழுந்தது. அதன்பின் நெடுங்காலம், அமெரிக்காவிலேயே பெண்கள் கைப்பந்துக்கு மிக அதிகமாகக் கூட்டம் சேர்ந்த இடம் இந்தத் தீவுதான். பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு நுழைவுச்சீட்டு வரிசையே விடை சொல்லிற்று.

1987-க்குப் பின் 2024 வரை இக்குழு தேசியப் பட்டம் வெல்லவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். 1996-இல் இறுதிவரை சென்று ஸ்டான்போர்டிடம் தோற்றனர். அவ்வாட்டத்தில் பந்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றவர் ஹொனலூலுப் பெண்ணான ராபின் ஆ மௌ. பின்னர் மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடி, 2008 பெய்ஜிங்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நாற்பத்திரண்டு பருவங்களில் 1,202 வெற்றிகளைக் கண்ட ஷோஜி 2017-இல் ஓய்வுபெற்றபோது, அவர் நாற்காலியில் அமர்ந்தவரும் அந்த ராபினே. தாம் ஆடிய தரையில் தம் தங்கையரைப் பயிற்றுவிக்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

கூட்டத்தில் ஹவாய்க்கு இருந்த முதலிடத்தை 2013-இல் கைப்பற்றியது எது தெரியுமா? நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம். ஆம், பாட்சியைத் தனி விடுதியில் தங்கவைத்த அதே பல்கலைக்கழகம். 2023 ஆகஸ்டு 30-ஆம் நாள் அங்கே பெண்கள் கைப்பந்தாட்டம் ஒன்றைக் கால்பந்து மைதானத்தின் நடுவே வலை கட்டி நடத்தினர். வந்து பார்த்தோர் 92,003 பேர். நம் காலனியைப் போல எத்தனை காலனிகள் சேர்ந்தால் அத்தொகை ஆகும் என்று செய்தியைப் படித்த இரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம்; பிறகு கணக்கை விட்டுவிட்டு வேறொன்றை நினைத்தோம்.

இப்போது நம் கம்பங்களுக்கு வந்துவிட்டோம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நம் காலனிச் சிறுமியர் பதினொருவர் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் தந்தனர். உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். வாரத்தில் இரண்டு மாலை மட்டும் கைப்பந்துத் தளத்தைத் தங்களுக்கு விடவேண்டும் என்பது கோரிக்கை. அழகிய தமிழில் எழுதியிருந்தார்கள். சங்கத்துத் தமிழ் வகுப்பு வீண்போகவில்லை என்று கைதட்டினோம். கைதட்டிவிட்டு, செயற்குழுவினராகிய நாம் அதனை ‘ஆலோசனையில் உள்ளது’ என்று குறித்து உள்ளே வைத்தோம்.

ஆலோசனை ஓராண்டு நடந்தது. ஆண்கள் ஆட்டம் தடைப்படும் என்றோம். பொழுது சாய்ந்தால் யார் துணையிருப்பது என்றோம். தேர்வு வருகிறது என்றோம். தேர்வு முடிந்ததும் வெயில் என்றோம். எல்லாவற்றினும் வலுவான காரணமாகச் செலவை எடுத்து வைத்தோம். பெண்கள் வலையின் உயரம் வேறு, தனியாகக் கம்பம் நட வேண்டும், நிதியில்லை. இதைச் சொன்னவர் வேறு யாருமல்லர். இப்போது உங்கள் முன் நின்று பேசும் நாமே.

விண்ணப்பத்தை எழுதிய பெண்ணை இரண்டு மாதங்களுக்கு முன் இரயில் நிலையத்தில் கண்டோம். கல்லூரியில் இடம் கிடைத்து வேறு நகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனார் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். “வாலிபால் என்ன ஆயிற்று மாமா?” என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, நலம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். கம்பத்துச் செலவைச் சொன்னோம். அவள் சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்தாள். “ஆண்கள் வலை 2.43 மீட்டர் மாமா, எங்களுக்கு 2.24. பத்தொன்பது சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதே கம்பத்தில் கொஞ்சம் கீழே இன்னொரு கொக்கி வைத்தால் போதுமே” என்றாள். வண்டி வந்துவிட்டது.

பதினாறு வயதில் ஓராண்டு என்பது நம் வயதில் ஓராண்டு அன்று. அவளுக்கு அந்த ஓராண்டை நம்மால் திருப்பித்தர இயலாது. காங்கிரசுச் சபை மறுநாளே கூடி மறுவாக்கெடுத்தது. நாமோ கொக்கி ஒன்று வைக்க ஓராண்டு எடுத்துக்கொண்டோம்.

அந்த இரவில்தான் கைப்பந்தைப் பற்றி ஏதேனும் படிக்கலாம் என்று உட்கார்ந்தோம். படித்ததைத்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினோம். இடையே பட்டறை ஒன்றில் விசாரித்தோம். இரண்டு கொக்கிகளுக்கும் வெல்டிங்குக்கும் ஆன செலவு, சென்ற பொங்கல் விழாவில் வாழைமரத்துக்கு நாம் கொடுத்ததைவிடக் குறைவு.

சென்ற வியாழனன்று கொக்கிகள் பொருத்தப்பட்டுவிட்டன. வரும் ஞாயிறு தொடங்கி, ஞாயிறும் புதனும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை வலை 2.24 மீட்டரில் கட்டப்படும். தாய்மார்கள் இருவர் முறைவைத்து வந்து அமர இசைந்துள்ளனர். தந்தையர் வந்தாலும் தடையில்லை. ஆண்கள் குழுவின் தலைவர் முதல் மாதம் ஆட்டம் கற்றுத்தரத் தாமே முன்வந்திருக்கிறார். இப்போதைக்குப் பந்து ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று வாங்கித்தரப் பொருளாளர் அவர்கள் வாக்களித்துள்ளார். அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பதால் இதனைச் சபையறியச் சொல்லிவைக்கிறோம்.